முதல் வாரத்து அழுகை

கச்சிராயபாளையத்து நர்சரிப் பள்ளியின் கேட்டைத் திங்கட்கிழமை காலையில் பார்த்திருக்க வேண்டும். எல்கேஜிப் பிள்ளைகள் இருபத்திரண்டும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. ஆயாம்மா ராணியம்மாள் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். இருபத்து மூன்றாவது பிள்ளை, செவ்வந்தியின் மகள் கமலி மட்டும் யாருடைய தயவும் இல்லாமல் தானாக நடந்து உள்ளே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வந்தி கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். கமலிக்குப் பள்ளியில் கிடைத்தது குலுக்கலில் விழுந்த இலவச சீட்டு. மகளை எப்படிப் பிரிந்திருப்பது என்று முந்தின நாளே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற நிலத்துக்காரர் வீட்டுக் கண்ணகி, தன் மகன் மண்ணில் புரண்டு அழுவதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா செவ்வந்தி, உம் பொண்ணுக்கு உம்மேல பாசமே இல்லியா?"

அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்றைக்குக் களை எடுத்த நேரமெல்லாம் அதுவே நெஞ்சில் கிடந்து குடைந்தது. நாற்பது நாள் சிசுவிலிருந்து வரப்போர வேப்பமரத்துத் தூளியில் கிடந்து வளர்ந்த பிள்ளை. அம்மா போவாள், வருவாள் என்று அதற்குத் தெரியாதா? ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். செவ்வந்தி யாரையும் கேட்கவில்லை. என் பிள்ளை எனக்காக ஒரே ஒரு தடவை அழுதால் போதும் என்று மனசுக்குள் அடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. வாசற்கதவுதான் கேட்டு. புருஷன் ராசுதான் ஆயாம்மா. செவ்வந்தி வெளியே போய் நின்று, அம்மா போறேன் என்றாள். கமலி டாட்டா காட்டினாள். அழு என்றார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி உதட்டில் விரலை வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் செவ்வந்தியே தரையில் புரண்டு அழுது காட்டினாள். கமலி கடைசிவரை உன்னிப்பாகப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். ராசு சிரித்துத் தொலைத்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

புதன்கிழமை பாதிப் பிள்ளைகள் அழுகையை விட்டுவிட்டன. செவ்வந்தி மிச்ச நாட்களை விரல் விட்டு எண்ணினாள். இப்படியே போனால் அழுகிற காலமே முடிந்துபோகுமே! ராணியம்மாளிடம் போய், உள்ளேயாவது அழுகிறாளா என்று விசாரித்தாள். ராணியம்மாள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். அழுகிற பிள்ளைகளையெல்லாம் கமலிதான் சமாதானம் பண்ணுகிறாளாம். மிஸ்ஸே அந்த வேலையை அவளிடம் விட்டுவிட்டாராம். செவ்வந்திக்கு அது வைவது போலத்தான் கேட்டது.

வியாழக்கிழமை கண்ணகியின் மகனும் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டான். கண்ணகியின் முகம் தொங்கிப்போனது. அதை ரசிக்கிற நிலையில் செவ்வந்தி இல்லை.

வெள்ளிக்கிழமை கேட்டு வெறிச்சென்று கிடந்தது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. கமலி பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். அம்மா போறேண்டி என்று செவ்வந்தி பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். சரி என்றாள் கமலி. அவ்வளவுதான். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கொழுக, தலைத்துண்டு நழுவிக் கீழே விழ, ஓவென்று அழுதாள்.

ராணியம்மாள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பத்து வருஷப் பழக்கம், யோசிக்க விடவில்லை. கேட்டில் யார் அழுதாலும் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவதுதான் அவளுக்குத் தெரியும். செவ்வந்தியையும் இடுப்போடு பிடித்துக் கொண்டுபோய் எல்கேஜி வகுப்பில் விட்டுவிட்டாள். மிஸ் வாயைத் திறப்பதற்குள் கமலி எழுந்து வந்துவிட்டாள். அம்மாவை ஜன்னலோரம் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள். வாலில்லாத பிளாஸ்டிக் குதிரை ஒன்றைக் கையில் கொடுத்தாள். தன் பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத. உங்கம்மா சாயங்காலம் வந்து உன்ன இட்டுக்கினு போவாங்க."

செவ்வந்தியின் அம்மா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. செவ்வந்தி குதிரையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றரை மணி வரைக்கும் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.