விக்கினம் அறிந்தவர்கள்

1

நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். அதற்குள் அமலநாதன் ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை நானும் சொல்லமாட்டேன்.

கதை அகராதியில் தொடங்கியது. வேதிவினையை நிறுத்தும் பொருளுக்குத் தமிழ்ச் சொல் தேடினேன். 'விக்கினம்' கண்ணில் பட்டது. பாடப்புத்தகத்துக்கு ஒத்துவரவில்லை. விடவும் மனமில்லை.

(வடசொல். வேர்ப்பொருள், அடித்து விலக்குவது. கத்தோலிக்கருக்கு, திருமணத்தை நிறுத்தும் காரணம்.)

2

மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமலநாதன் குடையை—

வேண்டாம். மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது.

லாபிஸ் ரப்பர் தோட்டம், 1931. அமலநாதன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுபவர். அவர் மணக்கவிருக்கும் கத்தரின் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பவள். போன வருடம் ஞானஸ்நானம் பெறும்வரை சந்திரமதி; கொடுத்தது சாமியாரின் உதவியாளரான உபதேசியார் என்றே ஊர் நினைத்தது. திருமணத்தை மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிப்பதுதான் ஓலை. ஒவ்வொரு முறையும், "விக்கினம் அறிந்தவர்கள் சொல்லக்கடவார்கள்."

இரண்டாம் ஓலையன்று சாமியார் விக்கினங்களை வரிசையாக விளக்கினார்: இரத்த உறவு, முந்தைய மணம், ஞானஸ்நானம் கொடுத்தவரும் பெற்றவரும் மணக்கக்கூடாத ஞான உறவு. அதில் ஒன்று அமலநாதனுக்குப் புதிது. பூசை முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

3

கத்தரினோடு மரம் வெட்டும் பேச்சியம்மாள் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"என்னாடி, ஒங்க சாமியாரும் விக்கினம்னு பிள்ளையாரத்தான் சொல்றாரா?"

"இல்லக்கா. கல்யாணத்த நிறுத்துற காரணம் இருந்தா சொல்லணுமாம்."

"அலமாக்! நாங்க கொழுக்கட்ட குடுத்து அத வெரட்டுறோம். நீங்க மூணு வாரம் வெத்தல வச்சுக் கூப்பிடுறீங்களே!"

(இருவர் சொல்வதும் ஒரே சொல்தான்.)

4

அமலநாதன் கோழையா? முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். பிறகு அடித்தேன். தெரிந்த பதிலுக்கும் வகுப்பில் கை தூக்காதவர்களை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கத்தரின் கேட்டாள்.

"என்னாங்க, ஒரு வாரமா மொகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சிரிங்க பாப்போம்."

அவர் முயன்றார்.

"ஐயோ, வேணாம். பயமா இருக்கு." அவளே சிரித்தாள். "ஏதாச்சும் இருந்தா சொல்லிடுங்க. எத்தன மாசம்னாலும் காத்திருப்பேன். பொய்யோட மட்டும் குடித்தனம் பண்ண முடியாது."

5

முடிவுகள் மூன்று. மறைத்து மணக்கிறார். சொல்கிறார், மேற்றிராணியார் (ஆயர்) அனுமதி தருகிறார். சொல்கிறார், அனுமதி—

இது என் வேலையில்லை. கத்தரின் காத்திருப்பாள், எனக்கு அது போதும். மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஓலை வாசித்து முடிந்தது. அமலநாதன் எழுந்தார்.

"சாமி, காய்ச்சல்ல சாகக் கெடந்தப்ப கத்தரினுக்குத் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தது உபதேசியார் இல்ல. நான்தான்."