பால் கறந்த கிடா

பேரணாம்பட்டு வஜீதாவுக்கு வேண்டியது ஒரு தையல் மிஷின். ஷூவின் மேல்தோலை, அப்பர் என்பார்களே, அதைத் தைக்கிற மிஷின். கையால் தைத்து வருகிற கூலி டீத்தண்ணிக்குக் காணாது.

கடன் வாங்கித்தர வந்தவன் ஜெஸ்டன், மே மாத வெயிலிலும் டை கட்டுகிற பிள்ளை. அவனுடைய போன் ஆப்பில், எங்கோ ஏசியில் உட்கார்ந்திருக்கும் கனவான்கள் கிராமத்துப் பெண்களின் போட்டோவைக் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் பொறுக்கி, பிடித்த முகத்துக்குப் பணம் போடுவார்கள். வட்டிக்கு வட்டியும் ஆச்சு, புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு.

"அக்கா, தோல்னு போட்டா முகம் சுளிப்பாங்க. ஆடு வளர்க்கிறீங்கன்னு போடுவோம்."

"அவங்க கால்ல போட்டிருக்கிறது இன்னாவாம், வாழைமட்டையா?"

"அதெல்லாம் கேக்காதீங்கக்கா. போட்டோல சிரிக்கவும் சிரிக்காதீங்க. சிரிச்சா பணம் வராது."

ஆட்டுக்கு எங்கே போவது? கறிக்கடை அமீர் பாஷாவிடம் ஒரு கிடா இருந்தது. போட்டோவுக்கு ஐம்பது ரூபாய் வாடகை. தெருவில் கடன் கேட்ட அத்தனை பெண்களும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சோகமாக நின்றார்கள். வஜீதா வீட்டில் அதற்குப் பேர் லட்சுமி, அடுத்த வீட்டில் ரோஜா. தாடி வைத்த அந்தக் கிடா தினம் இரண்டு லிட்டர் பால் கறப்பதாக ஜெஸ்டன் எழுதினான். ரெட்டைக் குட்டி போட்டதாகவும் எழுதினான். புனேயில் ஒரு அம்மாள் பிரசவச் செலவுக்கென்று தனியாக ஆயிரம் அனுப்பினாள். அதற்கப்புறம் கிடாவின் நடையே மாறிப்போச்சு என்று பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி சொல்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

பாதிப் பணம் வந்தது. வஜீதா அதை ஆம்பூர் கடையில் மிஷினுக்கு முன்பணமாகக் கட்டினாள். மீதி, பணம் போட்ட சென்னை சார் நேரில் வந்து ஆட்டைப் பார்த்த பிறகுதான். அது வராவிட்டால் முன்பணமும் போச்சு, மிஷினும் போச்சு.

சார் வந்தார், பக்ரீத் கழிந்த மறுவாரம். கிடா ஊர் வயிற்றில் போய்ச் சேர்ந்திருந்தது.

"எங்கம்மா நம்ம லட்சுமி?"

ஜெஸ்டன் டையைத் தளர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்தான். வஜீதா மடியில் கிடந்த அப்பரை எடுத்து சார் கையில் வைத்தாள். எந்த ஆட்டுத் தோலோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

"இதோ சார். அடுத்த கட்டத்துக்குப் போயிடுச்சு."

சார் முகம் சுளிக்கவில்லை. தன் ஆடல்லவா! தடவிப் பார்த்தார். கண் கலங்கியது.

"வேல்யூ அடிஷன்," என்றார் தழுதழுத்து. "குட்டிங்க?"

"லீவுக்குப் பள்ளிகொண்டாவுல மாமா வீட்டுக்குப் போயிருக்கு சார்."

சார் தலையாட்டினார். லீவென்றால் போய்வர வேண்டியதுதானே. அப்பரைக் கன்னத்தோடு வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். வஜீதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏழ்மையின் துயரம் என்று சார் அதற்கும் ஒரு போட்டோ எடுத்தார்.

அன்று சாயங்காலமே மீதிப் பணம் வந்துவிட்டது. பள்ளிகொண்டாவில் சாருடைய கார் வெகுநேரம் நின்றதாம். யாரைத் தேடினாரோ!

மிஷின் வந்த அன்று ஜெஸ்டன் ஓடிவந்தான்.

"அக்கா, சத்தம் ஜாஸ்தியா இருக்கு. சார் போன் பண்ணா கேக்குமே! ஆப்ல நீங்க இன்னும் ஆடுதான் வளர்க்கிறீங்க."

வஜீதா மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"லட்சுமி கத்துதுன்னு சொல்லு, போ."