சூடு ஆறாத ஹெட்

1

இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. வண்டிக்கு சைலன்சர் மாட்டித் தருகிறேன் என்று பல நாள் அலையவிட்ட ஒரு மெக்கானிக்கின் பட்டறையில், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு மனுஷன் கூனிக் குறுகுவதை டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

முதல் வரி: மாலை வெயில் அந்தப் பழைய காரின்மேல் பொன்னாக...

வேண்டாம், பொய். அங்கே டியூப்லைட்தான் எரிந்தது.

2

கார் ஒரு பல் டாக்டரம்மாவுடையது, அவர் அப்பா ஓட்டியது. முன்பக்கம் ஒரே கனம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் டாக்டரம்மாவுக்கு ஆபரேஷன் செய்த தோள் விண்ணென்று தெறித்தது. எஞ்சினுக்கு மேல்மூடியாக உட்காரும் இரும்பு ஹெட்டை எடுத்துவிட்டு அலுமினியத்தில் வைத்தால் கனம் குறையும் என்றார் மெக்கானிக். அதை ஊற்றிக் கொடுத்தவன் அவர் மச்சினன். புதிதாக வார்ப்புத் தொழில் தொடங்கியவன், முதல் பெரிய வேலை.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சூட்டோடு போல்ட்டுகளை இன்னொரு முறுக்கு முறுக்கினார். இரும்பு ஹெட்டுக்குக் காலமெல்லாம் அப்படித்தான் செய்தார். அலுமினியத்தை ஆறவிட்டு முறுக்கவேண்டும்.*

தண்ணீர் கசிந்தது. எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்துபோனது.

* சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும். அப்போது முறுக்கினால் ஆறியதும் பிடி தளர்ந்துவிடும். கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். என்னை நம்பாமல் நீங்களும் விசாரியுங்கள்.

3

"சூட்டோட முறுக்கினீங்களா அத்தான்?"

"நீ டவுசர் போடறதுக்கு முன்னாடியே நான் ஸ்பேனர் பிடிச்சவன்டா. வார்ப்பு சரியில்ல. அவங்ககிட்ட நீயே சொல்லிடு."

அவனும் சொன்னான். "என் தப்புதாங்க டாக்டரம்மா. வேற ஊத்தித் தர்றேன்."

மெக்கானிக்கின் நெஞ்சு உருகி... (அடித்துவிட்டேன். அவர் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.)

வீட்டில் மனைவி, "என் தம்பி வேலைய கெடுத்துட்டானாமே?" என்று கேட்டிருப்பாள். தட்டைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றிருப்பார். (இது நான் பார்க்காதது. ஆனால் வேறு எப்படி நடந்திருக்கும்?)

4

இரண்டாவது ஹெட்டை மாட்டியாயிற்று. எஞ்சின் ஓடி நின்றது. எதிரே மச்சினன், பக்கத்தில் டாக்டரம்மா. மெக்கானிக் கையில் ஸ்பேனர்.

ஆறட்டும் என்று காத்திருந்தால், போன தடவை காத்திருக்கவில்லை என்பது மச்சினனுக்கு விளங்கிவிடும். இப்போதே முறுக்கினால் தன் மானம் தப்பும். ஹெட்டும் போகும், அவன் பிழைப்பும் போகும்.

முடிவு ஒன்று: அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். (நல்லவராக்கிவிட்டேன். எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: அவர் முறுக்

எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். "என்ன அத்தான், முறுக்கலாமா?" என்று அவன் கேட்டது முதுகுக்குப் பின்னால் விழுந்தது.

பெஞ்சில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். என்னைப்போல் எழுந்து போய்விடாதீர்கள். ஹெட் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.