செல்வின் 8,065 கி.மீ.

போலகம் விலக்கில், புது நான்குவழிச் சாலையோரம் நிற்கும் பச்சைப் பலகையில் மூன்று வரிகள் உண்டு. நாகப்பட்டினம் 12, வேளாங்கண்ணி 23, செல்வின் 8,065. முதல் இரண்டும் ஊர்கள். மூன்றாவது, போலகத்து ஆக்சிலியாவின் கணவன். கல்யாணமான நான்காம் மாதம் பிரான்சுக்குப் போனவன் இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் போன் செய்தான், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை பேசினான், பிறகு நம்பரை மாற்றிக்கொண்டான். பலகையில் அவன் பெயர் வந்தபோது அவன் போய் ஏழு வருடம் ஆகியிருந்தது.

ஊர் முதலில் ஆக்சிலியாவைத்தான் சந்தேகப்பட்டது. அதில் நியாயமும் இருந்தது. கோட்டுச்சேரியில் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வேலை பார்ப்பவள் அவள். அந்தச் சாலையின் பலகைகளுக்கு, வெளிச்சம் பட்டால் மின்னும் எழுத்துகளை வெட்டி ஒட்டியது அவள் கைதான். முக்கோணம் எச்சரிக்கும், சிவப்பு வட்டம் தடுக்கும், நீலம் பெட்ரோலும் சோறும் கிடைக்கும் இடத்தைக் காட்டும், பச்சைதான் எது எவ்வளவு தூரம் என்று சொல்லும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் அவள் ஒட்டியது இரண்டே வரி. மூன்றாவது, சாலை திறந்த ஐந்தாம் நாள் காலையில் தானாக வந்திருந்தது. அப்போது எண் 8,061.

நெடுஞ்சாலை இன்ஜினியர் நவநீதன் ஜீப்பில் வந்து அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இது எந்த ஊருங்க?"

"ஊரு இல்லைங்க சார். எங்க வீட்டுக்காரரு."

"ஆளுக்கெல்லாம் தூரம் போட ரூல்ஸ்ல இடமில்லைங்களே."

"நான் போடலைங்க. ஆனா தூரம் சரியாத்தான் இருக்கும்."

அவர் கூடவே நின்று, ஆளை விட்டு அந்த வரியைச் சுரண்ட வைத்தார். எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் வரி மறுபடி இருந்தது, எண் மட்டும் 8,065 ஆகியிருந்தது. வீடு மாற்றியிருப்பார் என்றாள் ஆக்சிலியா. மூன்று தடவை சுரண்டிப் பார்த்துவிட்டு, எழுத்தின் உயரமும் இடைவெளியும் விதிப்படி இருப்பதாக ஃபைலில் குறிப்பு எழுதி நவநீதன் கையைக் கழுவிக்கொண்டார்.

அதன்பிறகு ஆக்சிலியா தினமும் காலையில் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். எண் பெரும்பாலும் அசையாது. ஆகஸ்டில் மட்டும் 8,700 வரை போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பும். லீவுக்கு எங்கேயோ போகிறான் என்று தெரியும், யாரோடு என்று பலகை சொல்லாது. அந்த இரண்டு வாரமும் அவளுக்குச் சோறு இறங்காது. ஊரே வெட்கம்கெட்டவள் என்று சொன்னாலும் அவளுக்கு அவன் வேண்டும். சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகும் அந்த ஆள்தான் வேண்டும்.

ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டம் அந்த வழியாகத்தான் போகும். வேளாங்கண்ணிக்குக் கீழே எழுதியிருந்ததால், செல்வின் என்பது மாதா கோயிலுக்கும் அப்பால் உள்ள பெரிய கோயில் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எட்டாயிரம் கிலோமீட்டர் நடக்க எந்தக் காலால் முடியும்? பலகையின் தூணிலேயே மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டினார்கள். அப்படிக் கட்டியதில் சிலர் ஊர் திரும்பவும் செய்தார்கள். "மாமியா சாபம் வாங்க வேண்டியவனுக்கு மெழுகுவத்தி ஏத்துறாளுவ" என்று ஆக்சிலியாவின் அம்மா அந்தோணிமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் எண் இறங்கியது. காலையில் 6,200, மதியம் 2,400, சாயங்காலம் 290. அது சென்னை. ஆக்சிலியா கடைக்கு லீவு போட்டாள், வீட்டைக் கழுவினாள், கொடுவா மீனுக்குச் சொல்லிவைத்தாள். ஆறு நாள் 290, இரண்டு நாள் 141. ஒன்பதாம் நாள் விடிந்ததும் 90 ஆனது, 60 ஆனது, 33 ஆனது. அவள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு பலகையின் கீழ் போய் நின்றாள். 19 ஆனது. அது பூவம் எல்லை, 'நல்வரவு' பலகை இருக்கும் இடம். அங்கிருந்து கார் அரைமணி நேரத்தில் வந்துவிடும்.

ஐம்பது நிமிடம் 19 என்றே இருந்தது. "இன்னும் கொஞ்ச தூரந்தாங்க, வாங்க" என்று பலகையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு 20 ஆனது. 24. 33. எண் 60-ஐத் தாண்டும்வரை நின்றாள். முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை, கடையிலிருந்து ஏணியும் பிளேடும் எடுத்து வந்து பலகையில் சாத்தி ஏறினாள். மெழுகுவத்தி வைக்க வந்திருந்த கருக்களாச்சேரி மாரிக்கண்ணு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"சுரண்டாதம்மா. எம் புள்ள சவுதிலேர்ந்து வந்ததே இங்க வேண்டிக்கிட்டுத்தான்."

"உங்க புள்ள வீடு வந்து சேந்துச்சு. இவரு பத்தொம்பதுல திரும்பிட்டாரே."

"தெரியும்மா. ஆனா பத்தொம்பது வரைக்கும் வந்தாருல்ல?"

ஆக்சிலியா பிளேடைக் கீழே மாரிக்கண்ணுவிடம் நீட்டினாள். பிறகு மூன்றாவது வரியில் படிந்திருந்த மெழுகுப் புகையை முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கினாள்.

இப்போது கூட்டம் பெருகி டவுன் பஸ்ஸும் அங்கே நிற்கிறது. போலகம் விலக்கு என்று சொன்னால் யாருக்கும் விளங்குவதில்லை. டிக்கெட் மெஷினிலும் செல்வின் என்றே ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் கோட்டுச்சேரியில் ஏறும் ஆக்சிலியா சில்லறையை நீட்டி, "செல்வின் ஒண்ணு" என்கிறாள். முக்கால் மணி நேரத்தில் கண்டக்டர், செல்வினில் இறங்குபவர்கள் முன்னால் வரச்சொல்லிக் குரல் கொடுக்கிறார். ஐந்தாறு பேரோடு அவளும் இறங்கி, 8,065 என்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடக்கிறாள்.