மேட்டில் ஏறிய எண்ணெய்

பெட்ரோல் கிடைக்காத போர்க்காலத்தில், கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ரப்பரைக் காய்ச்சி லாரிக்கு எண்ணெய் வடிக்க முடியுமா என்று ஜப்பானியர் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் மொரிதா. அவருக்கு உதவியாளன், சிங்கப்பூரில் ரசாயனம் படித்த கணேசமூர்த்தி.

வடித்த எண்ணெயில் லாரி சமதரையில் இருமிக்கொண்டே ஓடியது, மேட்டில் நின்றுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ரந்தாவ் சாலை மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. மறுநாளே மொரிதா கட்டுரை எழுத உட்கார்ந்தார்.

“என்னோடு படித்தவர்கள் எல்லாரும் பேராசிரியர்கள். இந்த மாதம் கட்டுரை போகாவிட்டால் காலியாக இருக்கும் பேராசிரியர் இடம் எனக்குக் கிடைக்காது. ஏறியதை மட்டும் எழுதுவோம். உன் பெயரும் வரும்” என்றார் ஆங்கிலத்தில்.

தன் பெயரை அச்சில் பார்க்கும் ஆசை கணேசமூர்த்திக்கும் இருந்தது. ஆனால் அன்றைக்கு மட்டும் ஏன் ஏறியது என்ற கேள்வி அவனைக் குடைந்தது. அதே ரப்பர், அதே சூடு. லாரி டாங்கியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் பிடித்தான். வடித்ததில் ஜாடியில் மிஞ்சியிருந்ததை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் தீக்குச்சி காட்டினான். ஜாடி எண்ணெய் புகைந்து மெல்லப் பற்றியது. டாங்கி எண்ணெய் குச்சி நெருங்குமுன்பே குப்பென்றது.

லாரி ஓட்டும் முருகையாவைத் தேடிப் போனான்.

“டாங்கில என்னண்ணே ஊத்துனீங்க?”

முருகையா சுற்றிலும் பார்த்தார். “பெட்ரோல்தான் தம்பி. வெள்ளக்காரன் ஓடுனப்ப ஒரு டின்னு ஒளிச்சு வெச்சேன். வண்டி நின்னா அடி எனக்குத்தான்லா. போன தடவ வாங்குனதுல இன்னும் ஒரு காது கேக்கல.”

ஒளித்து வைத்தது வெளியே தெரிந்தால் காதோடு போகாது. கணேசமூர்த்தி மொரிதாவிடம் வந்தான்.

“வெள்ளிக்கிழமை எண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தது. நான் எண்ணெய் பிடித்த டின்னின் அடியில் பழைய பெட்ரோல் கிடந்திருக்கிறது. கழுவாதது என் தவறு.”

கன்னத்தில் அறை விழுந்தது. மொரிதா, தான் எழுதிய தாள்களை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, “எவ்வளவு கலந்திருக்கும்?” என்று கேட்டார்.

“தெரியாது. கண்டுபிடிக்கலாம்.”

ராணுவத்திடம் பெட்ரோல் கேட்டு வாங்கி, கூட்டியும் குறைத்தும் கலந்து ஓட்டினார்கள். பாதிக்குப் பாதி கலந்தால்தான் லாரி மேடு ஏறியது. மொரிதா அப்படியே எழுதினார்.

கட்டுரை தாமதமாகப் போனது. அந்த இடம் வேறொருவருக்குக் கிடைத்துவிட்டதாக ஒரு மதியம் சொன்னார். பிறகு, “இந்த எண்ணெயில் மட்டும் ஏன் எஞ்சினில் இவ்வளவு பிசின் படிகிறது?” என்றார்.

அவனுக்கும் அது தெரியவில்லை. இருவரும் கார்புரேட்டரைக் கழற்றப் போனார்கள்.