திரும்பி வரும் விமானத்துக்கு மட்டும் அந்தோணிசாமி

1

இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை. 2008இல் என் தங்கை தைலம்மாள், "எங்க வூட்டு ஏரோப்ளேன பத்தி எழுதுண்ணே. பொய் ஜாஸ்தி வேணாம்" என்றாள். ஜாஸ்தி இல்லாமல் எழுதுகிறேன்.

2

'கடலூர்க் கடற்கரையில் அன்று காலை செந்நிறச் சூரியன்...'

வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

தைலம்மாளின் கணவர், என் மச்சான் அந்தோணிசாமி, மீன்பிடி போட் ஓட்டுகிறவர். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்களை அவரே செய்வார். மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை. இரண்டையும் வலை நூலால் இழுத்துக் கட்டுவார். முதல் விமானம் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போன கரும்பு லாரியில் விழுந்து சர்க்கரையாகிவிட்டது. (சந்தேகப்படுகிறவர்கள் அந்த வருஷத்துச் சர்க்கரையைத் தின்று பார்க்கலாம்.) இரண்டாவதில் கீரப்பாளையத்துக் கொக்கு ஒன்று குஞ்சு பொரித்தது.

மூன்றாவது தயாரானதும் தைலம்மாள் சொன்னாள்: "இதுவும் ஒடைஞ்சா ரிமோட்ட கடல்ல வீசிருவேன்."

வீசுவாள்.

3

போட் எஞ்சின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் போட் வலப்பக்கம் திரும்பும். அந்தப் பழக்கத்தில் மச்சான் ரிமோட்டின் குச்சியையும் எதிர்ப்பக்கமே தள்ளுவார். விமானம் நம்மை விட்டுப் போகும்போது அது தப்பு. ஆனால் நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலது. அப்போது அவர் தள்ளுவதுதான் சரி! [வாசகர் கையை நீட்டிச் சரிபார்க்கவும். காத்திருக்கிறேன்.]

தைலம்மாள் மொபெட்டில் மீன் விற்கிறவள். அவளுக்கு இடது என்றால் இடது. ஆகவே ஒப்பந்தம்: போகும்போது அவள், வரும்போது அவர்.

4

மணலைச் சிதறடித்துக்கொண்டு எழும்பி, அலைக்கு மேலே விமானம் ஒரு... [உவமை தேடினேன். அதற்குள் தூரம் போய்விட்டது.]

"ஏங்க, என் கைக்குப் பறக்குதுங்க!" தைலம்மாள் குதித்தாள்.

விமானம் எங்களைப் பார்த்துத் திரும்பியது.

"குடு தைலா, இனிமே நானு."

"இன்னும் ஒரு சுத்து."

"வருதுடி!"

"வரட்டும்."

இடப்பக்கம் தள்ளினாள். அது வலப்பக்கம், தென்னை மரத்தைப் பார்த்துச் சாய்ந்தது. மச்சான் பிடுங்க, அவள் இழுக்க, ரிமோட் மணலில் உட்கார்ந்திருந்த என் மடியில் வந்து விழுந்தது.

"நீதான எழுதுற? நீயே எறக்குண்ணே!"

5

முடிவு ஒன்று: தென்னை மரம். (கோடு போட்டு அடித்துவிட்டேன். தைலம்மாள் படிப்பாள்.)

முடிவு இரண்டு: நான் லாவகமாக...

இது ஜாஸ்தி. நான் போட்டும் ஓட்டியதில்லை, மொபெட்டும் ஓட்டியதில்லை.

வாசகரே, அது இப்போது உங்களைப் பார்த்துத்தான் வருகிறது. தென்னை உங்களுக்கு வலப்பக்கம். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதை மூன்றாம் பகுதியிலேயே சொல்லியிருக்கிறேன். திருப்பிப் படிக்க நேரமில்லை.

இந்தாங்க, புடிங்க!