முந்திவிட்ட அடி

இடிக்கிற கட்டடங்களில் சம்மட்டி அடிப்பவன் என்பதால் அவனுக்குச் சம்மட்டி என்றே பேர் நிலைத்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் அவன் ஓங்கிய அடி, உளி பிடித்திருந்த அக்கா புருஷனின் வலது கையில் விழுந்தது. உளியைச் சுவரில் பொருத்திவிட்டு மாமா "ம்" என்பார்; அதன்பிறகுதான் சம்மட்டி இறங்க வேண்டும். "ம்" சொல்லிவிட்டு மாமா கையை நகர்த்திவிட்டார் என்று அவன் மேஸ்திரியிடம் சொல்லியிருந்தான்.

"உன் மாமன் வீட்ல உக்காந்து கேம் ஆடுறானாமே. பாத்துட்டு வா. நடிக்கிறான்னா வேலைய விட்டுத் தூக்கிடுறேன்," என்றார் மேஸ்திரி.

அக்கா வீட்டுக்குப் போனான். கேள்விப்பட்டது சரிதான். மாமாவின் மடியில் கட்டுப்போட்ட கை, அதில் கன்ட்ரோலர். டிவியில் ஒரு வீரன் ஆளுயர வாளோடு நின்றான். எதிரில் ஒரு ராட்சசன். மாமா எதையும் அழுத்தவில்லை. நம்மைக் கண்டதும் கை வராத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தான் சம்மட்டி.

"உங்க ஆளு சண்டைக்கு வந்தானா மாமா, பஸ்ஸுக்கு நிக்கிறானா?"

"பொறு மாப்ளே."

ராட்சசன் ஓங்கி அடித்தான், அடித்த வேகத்தில் தடுமாறினான். கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த ஒற்றை விரலால் மாமா ஒரே தடவை அழுத்தினார். வாள் ஆடி அசைந்து இறங்கியது. மறுபடி காத்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"வேகமா ஆடுற கேம் போடுங்களேன்," என்று ஆழம் பார்த்தான்.

"விரல் வராது. இதுல ஒரு அடி போதும். அதை எப்போ அடிக்கிறதுங்கறதுதான் ஆட்டமே. நீ ஆடு."

சம்மட்டி படபடவென்று அழுத்தினான். வாள் காற்றை வெட்டியது. ஓங்கியதைத் திருப்பி இழுக்க முடியவில்லை. அதற்குள் ராட்சசன் நசுக்கிவிட்டான். மூன்று தடவையும் இதே கதி. ஓங்கிவிட்ட இரும்பு நிற்காது என்பது அவன் தோளுக்கே தெரியும்.

மாமா டிவியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் ஆடக் கொடுத்தாரோ?

"மாமா, அன்னைக்கு நீங்க 'ம்' சொன்னீங்களா?"

"சொல்லலன்னு உனக்குத் தெரியாதாக்கும்."

"அப்புறம் ஏன் மேஸ்திரிகிட்ட வாயே திறக்கல?"

"தம்பியை மாட்டிவிட்டேன்னு உங்கக்கா காலம்பூரா குத்திக் காட்டுவா. நீயா சொல்லுவேன்னு மூணு வாரமா உக்காந்திருக்கேன்."

அடுப்படியில் அக்காவின் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

சம்மட்டி போனை எடுத்தான்.

"என்னடா, நடிக்கிறானா?" என்றார் மேஸ்திரி.

"இல்ல மேஸ்திரி. அன்னைக்கு... முந்தினது நான்தான்."

முழுசாகச் சொல்லி முடிப்பானா என்று மாமா அவனையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.